முதல்வர் சாமியை ஏன் மாற்றினார்கள்? இயேசு சபைக் குரு ஒருவரின் கல்லூரி வாழ்க்கை நகரும் விதம்

மே, ஜூன் வந்தால் பாம்பன், தங்கச்சிமடம், மூக்கையூர், தொண்டி பக்கம் கல்லூரிப் பேச்சு சூடு பிடிக்கும். திருச்சி தூய வளனார், பாளையங்கோட்டை தூய சவேரியார், சென்னை இலயோலா, கருமாத்தூர் அருள் ஆனந்தர் என்று விண்ணப்பம் போட்டுவிட்டு, அங்கே தெரிந்த சாமி யாராவது உண்டா என்று விசாரிப்பார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்கும். போன வருஷம் முதல்வராக இருந்தவர் இப்போது ஏதோ ஒரு கிராமத்துப் பள்ளி விடுதியில் இருக்கிறார் என்பார் ஒருவர். ஏதாவது தப்பு நடந்திருக்கும், தூக்கியடித்துவிட்டார்கள் என்பார் இன்னொருவர். ஆயர் மாற்றிவிட்டார் என்பார் மூன்றாமவர். தப்பு செய்ததால் மாற்றம் என்பது பெரும்பாலும் வெறும் ஊகம். ஆயர் மாற்றினார் என்பது நடக்க வழியே இல்லாதது.

2024 நவம்பரில் இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டது. அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரிகளில் வேலை பார்க்கும் குருக்கள், கன்னியர் சம்பளத்திலும் வருமான வரி பிடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ‘ஏழ்மை வார்த்தைப்பாடு, அதாவது சொந்தமாகச் சொத்து வைத்துக்கொள்ள மாட்டேன் என்ற வாக்கு, கொடுத்தவருக்குச் சம்பளம் ஏது, வரி ஏது?’ என்று பலர் கேட்டார்கள்.

இரண்டு கேள்விக்கும் வேர் ஒன்றுதான். கல்லூரித் தலைமை என்பது இயேசு சபையின் பார்வையில் ஒருவர் அனுப்பப்படும் பணி. அரசின் பார்வையில் அது தகுதி, ஊதிய விகிதம், பதவிக்காலம் எல்லாம் உள்ள பதவி. ஒரே நாற்காலியில் ஒரே ஆள் இந்த இரண்டு கணக்கிலும் உட்கார்ந்திருக்கிறார். வெளியே நிற்பவருக்கு வரும் குழப்பமெல்லாம் இந்த இரண்டு கணக்கும் உரசும் இடங்களில்தான் வருகிறது. அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

பங்குச்சாமி வேறு, சபைச் சாமி வேறு

கத்தோலிக்கக் குருக்களில் இரண்டு வகை உண்டு. ஊரில் நாம் தினம் பார்க்கும் பங்குத்தந்தை பெரும்பாலும் மறைமாவட்டக் குரு. மறைமாவட்டம் என்பது ஓர் ஆயரின் பொறுப்பில் இருக்கும் பகுதி. இராமநாதபுரம் மாவட்டக் கடலோரப் பங்குகள் சிவகங்கை மறைமாவட்டத்தில் சேர்ந்தவை. பெயருக்குப் பின்னால் ‘சே.ச.’ என்று போட்டுக்கொள்பவர் சேசு சபை, அதாவது இயேசு சபைத் துறவி. வேறுபாடுகளைச் சுருக்கமாகச் சொல்லலாம்.

1. மறைமாவட்டக் குரு தன் ஆயருக்குக் கீழ்ப்படிவதாக வாக்குக் கொடுக்கிறார். சபைக் குருவுக்கு மேலே இருப்பவர் மாநிலத் தலைவர். மாநிலம் என்றால் இங்கே சபையின் நிர்வாகப் பகுதி, அரசின் மாநிலம் அல்ல. ‘புரொவின்சியல்’ என்று சொன்னால் சபையில் எல்லோருக்கும் புரியும். அவருக்கும் மேலே ரோமில் உலகத் தலைவர். ஆகவே ஒரு கல்லூரி முதல்வரை மாற்றும் அதிகாரம் சிவகங்கை ஆயருக்கோ, திருச்சி ஆயருக்கோ இல்லை. ஆயரின் அனுமதி தேவைப்படுவது, சபைக் குரு அவருடைய மறைமாவட்டத்தில் பங்குப் பணி ஏற்கும்போது.

2. மறைமாவட்டக் குரு ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுப்பதில்லை. குடும்பச் சொத்து வைத்துக்கொள்ளலாம். சபைக் குரு ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் மூன்றுக்கும் வார்த்தைப்பாடு கொடுத்தவர். அவர் உழைத்து ஈட்டுவது சபைக்குச் சேரும் என்பது திருச்சபைச் சட்டம்.

3. மறைமாவட்டக் குருவின் எல்லை பொதுவாக அவர் மறைமாவட்டத்தோடு முடியும். சபைக் குருவை மதுரையிலிருந்து டெல்லிக்கும் அனுப்பலாம், ஆப்பிரிக்காவுக்கும் அனுப்பலாம்.

சரி, இவ்வளவு தெளிவான வேறுபாடு நம் கரையில் ஏன் மங்கலாக இருக்கிறது? காரணம் வரலாறு. 1938-இல் மதுரை தனி மறைமாவட்டமாக ஆனபோது அதன் முதல் ஆயரே இயேசு சபைக்காரர், ஜான் பீட்டர் லியோனார்டு. அவருக்கு முன்பும் அவர் காலத்திலும் இந்தப் பகுதியின் பல பங்குகளைச் சபைக் குருக்களே நடத்தினார்கள். பிறகு மெல்ல மெல்ல மறைமாவட்டக் குருக்களிடம் ஒப்படைத்தார்கள். 1987-இல் சிவகங்கை தனி மறைமாவட்டமானது. தாத்தா காலத்தில் பங்குச்சாமியும் சபைச் சாமியும் ஒரே ஆளாக இருந்த வீடுகளில் பேரன் காலத்திலும் அந்த எண்ணம் தங்கிவிட்டது.

இந்தக் கரையில் சபையின் பழைய தடங்கள்

இனிகோ லொயோலா தொடங்கிய இயேசு சபைக்குத் திருத்தந்தையின் அங்கீகாரம் 1540-இல் கிடைத்தது. இரண்டே ஆண்டில், 1542-இல், பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்துவிட்டார். அவருக்குப் பின் இந்தக் கடற்கரைப் பணிக்குத் தலைவராக இருந்த அந்தோணி கிரிமினாலி, 1549-இல் மண்டபத்துக்குப் பக்கத்திலுள்ள வேதாளையில் கொல்லப்பட்டார். போர்த்துக்கீசியக் காவல் படைக்கும் விஜயநகரப் படைக்கும் நடந்த மோதலில், ஊர்ச் சனங்களைக் கப்பலேற்றிவிட்டுத் தான் கரையில் நின்றவர். சபையின் வரலாற்றில் முதல் மறைசாட்சி, அதாவது விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தவர், என்று அவரைச் சொல்வார்கள். வேதாளை வழியாக தினம் பேருந்தில் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்பது வேறு விஷயம்.

ஓரியூர் எல்லோருக்கும் தெரியும். லிஸ்பனில் 1647-இல் பிறந்த ஜான் தெ பிரிட்டோ, நமக்கு அருளானந்தர், பண்டாரச் சாமியாராக உடுத்தி மறவர் நாட்டில் அலைந்தவர். 1686-இல் பிடிபட்டுச் சித்திரவதைக்குள்ளானார். சபை அவரைத் தன் பிரதிநிதியாக ஐரோப்பாவுக்கு அனுப்பியது. போர்ச்சுகல் அரசர் அவரை அரண்மனையிலேயே வைத்துக்கொள்ள விரும்பினார். அவர் இங்கே திரும்பினார். கிழவன் சேதுபதி காலத்தில், 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டது. 1947-இல் புனிதர் பட்டம். கருமாத்தூரில் 1970-இல் தொடங்கிய கல்லூரிக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். ஓரியூரையும் அந்தக் கல்லூரியையும் சேர்த்துப் பார்க்காமலேயே நம் பிள்ளைகள் பலர் அங்கே படித்து முடித்துவிடுகிறார்கள்.

1773-இல் திருத்தந்தையே சபையைக் கலைத்தார். 1814-இல் மீண்டும் உயிர் கொடுக்கப்பட்டது. பிரெஞ்சு சபைக் குருக்கள் 1838-இல் மதுரைப் பணித்தளத்துக்குத் திரும்பினார்கள். 1844-இல் நாகப்பட்டினத்தில் வளனார் கல்லூரி தொடங்கி, 1883-இல் திருச்சிக்கு இடம் மாறியது. பாளையங்கோட்டை 1923, இலயோலா 1925. கல்லூரிக் கதை இங்கிருந்துதான்.

ஒரு பையன் முதல்வர் நாற்காலி வரை வர எத்தனை ஆண்டு?

பிளஸ் டூவோ பட்டப்படிப்போ முடித்துச் சபையில் சேரும் ஒருவர் கடக்கும் படிகள் இவை:

1. முன்பயிற்சி. ஓரிரு ஆண்டு. இருபக்கமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் காலம்.

2. நவதுறவு. இரண்டு ஆண்டு. மதுரை மாநிலத்துக்கு இது திண்டுக்கல் பெஸ்கி கல்லூரியில் நடக்கும். பெஸ்கி என்பது நம் வீரமாமுனிவர்தான், அவரும் சபைக்காரர். முப்பது நாள் மௌனத் தியானம், மருத்துவமனைச் சேவை, கையில் காசில்லாமல் திருப்பயணம் எல்லாம் இந்த இரண்டு ஆண்டுக்குள் வரும். முடிவில் முதல் வார்த்தைப்பாடு.

3. கல்லூரிப் படிப்பும் தத்துவமும். ஒரு காலத்தில் தத்துவம் என்றால் கொடைக்கானல் செண்பகனூர். பிறகு அது சென்னைக்கு வந்தது.

4. களப்பணி. தத்துவத்துக்கும் இறையியலுக்கும் நடுவே இரண்டு ஆண்டு போலப் பள்ளியிலோ விடுதியிலோ வேலை. பள்ளி விடுதிகளில் வெள்ளைச் சட்டையோடு பையன்களை அதட்டிக்கொண்டிருக்கும் ‘பிரதர்’ இந்தக் கட்டத்தில் இருப்பவர்.

5. இறையியல், குருப்பட்டம். சேர்ந்ததிலிருந்து இதற்குள் பன்னிரண்டு ஆண்டு போல ஓடியிருக்கும்.

6. மேற்படிப்பு. கல்லூரிக்கென்று ஒதுக்கப்பட்டவர் முதுகலை, நெட் அல்லது செட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வு, முனைவர் பட்டம் எல்லாம் மற்றவர்களைப் போலவே முடிக்க வேண்டும். குரு என்பதற்காகப் பல்கலைக்கழக மானியக் குழு சலுகை எதுவும் தருவதில்லை.

7. கடைசிப் பயிற்சி ஆண்டு, இறுதி வார்த்தைப்பாடு. சபைக்கே உரிய நான்காவது வார்த்தைப்பாடு இங்கே வருகிறது: திருத்தந்தை எந்தப் பணிக்கு அனுப்பினாலும் போவேன் என்பது.

இதோடு இன்னும் ஒரு வாக்குறுதி உண்டு. வெளியில் அதிகம் பேசப்படாதது, இந்தக் கட்டுரைக்கு முக்கியமானது. சபைக்குள் பதவி தேடிப் போகமாட்டேன், தேடுகிற ஒருவரை அறிந்தால் மேலிடத்துக்குத் தெரிவிப்பேன் என்று இறுதி வார்த்தைப்பாட்டின்போது வாக்குக் கொடுக்கிறார்கள். மனிதர்கள் மனிதர்கள்தான், ஆசை இல்லாமல் போய்விடுமா என்று கேட்கலாம். போகாது. ஆனால் ஆசை இருந்தாலும் வெளிப்படையாக ஆள்பிடிக்க முடியாது என்ற கட்டுப்பாடு இருக்கிறது.

இப்போது சட்டத்தின் கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி கல்லூரி முதல்வராக முனைவர் பட்டம், 15 ஆண்டு கற்பித்தல் அல்லது ஆய்வு அனுபவம், குறைந்தது 10 ஆய்வு வெளியீடுகள் வேண்டும். பதவிக்காலம் ஐந்து ஆண்டு, மதிப்பீட்டுக்குப் பிறகு இன்னொரு முறை நீட்டிக்கலாம். முப்பது வயதைத் தாண்டிக் குருப்பட்டம் பெற்று, அதன்பிறகு முனைவர் பட்டம் முடித்து வருகிறவருக்கு அந்த 15 ஆண்டு நிறையும்போது ஐம்பது தாண்டிவிடும். தமிழ்நாட்டில் உதவிபெறும் கல்லூரி ஆசிரியரின் ஓய்வு வயது 60. இடையில் வேறு பணிக்கு அனுப்பியிருந்தால் அனுபவக் கணக்கும் குறையும். தகுதியுள்ள சபைக் குருக்கள் எந்த நேரத்திலும் ஒரு கைப்பிடிதான் இருப்பார்கள். அதனால்தான் ஒரே பெயர் இன்று ஒரு கல்லூரியிலும் நாலு வருஷம் கழித்து இன்னொரு கல்லூரியிலும் தலைகாட்டுகிறது.

அனுப்புவது யார், எப்படி?

ஆண்டுக்கு ஒரு முறை மாநிலத் தலைவர், சபைத் துறவிகள் சேர்ந்து வாழும் ஒவ்வொரு இல்லத்துக்கும் வருவார். ஒவ்வொரு துறவியும் அவரோடு தனியாக உட்கார்ந்து மனம் திறந்து பேச வேண்டும். உடல்நிலை, செபம், சோர்வு, வேலையில் இருக்கும் உரசல் எல்லாம் இதில் அடக்கம். அங்கே பேசியது வெளியே போகாது. ‘எனக்கு அந்த வேலை ஒத்துவரவில்லை’ என்று சொல்லும் இடமும் இதுதான். பிறகு தலைவர் தன் ஆலோசகர்களோடு பேசி முடிவெடுப்பார். ஆண்டு மாற்றப் பட்டியல் வரும்.

அதிபரை, அதாவது ஓர் இல்லத்தின் தலைவரை, தேர்ந்தெடுப்பதில் இன்னும் நுணுக்கம் உண்டு. அவரை அறிந்த பலருக்கு இரகசியக் கேள்வித்தாள் போகும். மூன்று பெயர் ரோமுக்குச் செல்லும். பெரிய இல்லங்களின் அதிபரை உலகத் தலைவரே நியமிப்பது மரபு. ஆறு ஆண்டு முடிந்தால் பொதுவாக மாற்றம்தான். மாநிலத் தலைவருக்கும் ஆறே ஆண்டுதான். நேற்றுவரை எல்லோரையும் இடமாற்றியவர் மறுநாள் வேறொருவர் கையால் இடமாற்றம் பெறுவார்.

முதல்வராக இருந்தவர் கிராம விடுதிக்கோ தியான இல்லத்துக்கோ போவது சபைக்குள் யாரையும் திடுக்கிட வைக்காத விஷயம். அரசு அலுவலகப் பழக்கத்தில் ஊறிய நமக்குத்தான் அது பதவி இறக்கமாகத் தெரிகிறது. இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: எல்லா மாற்றமும் வழக்கமான மாற்றமாகவே இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. காரணத்தை வெளியில் சொல்லாத வழக்கம் நல்லவர் பெயரைக் காக்கிறது. அதே வழக்கம் கேள்வி கேட்க வேண்டிய நேரத்தில் கதவையும் சாத்திவிடுகிறது. வதந்திக்கு இடம் கொடுப்பது இந்த மௌனம்தான் என்பது என் கருத்து.

ஓய்வு என்ற சொல்லும் இங்கே இல்லை. மாநிலத்தின் ஆண்டுக் கையேட்டில் ஒவ்வொருவர் பெயருக்கு எதிரேயும் அவர் பணி அச்சாகியிருக்கும். முதுமையால் எந்த வேலையும் செய்ய முடியாதவர் பெயருக்கு எதிரே ‘திருச்சபைக்காகவும் சபைக்காகவும் செபிக்கிறார்’ என்று இருக்கும். அதுவும் ஒரு நியமனம்.

அதிபர், முதல்வர், செயலர்: மூன்று நாற்காலி

கடலோர வாசகருக்கு இதைப் புரியவைக்க விசைப்படகு போதும். படகு ஒருவருடையது, கடலில் ஓட்டுகிறவர் இன்னொருவர், மீன்துறை அலுவலகத்தில் போய் டோக்கன் வாங்கிக் கையெழுத்துப் போடுகிறவர் வேறொருவர். கல்லூரியிலும் ஏறக்குறைய இப்படித்தான்.

1. அதிபர். ஆங்கிலத்தில் ரெக்டர். வளாகத்தில் வாழும் சபைக் குருக்களின் குடும்பத் தலைவர் என்று சொல்லலாம். சொத்து, நிலம், கல்லூரியின் அடிப்படை நோக்கம் இவற்றுக்குப் பொறுப்பு. முதல்வரும் அவருக்குக் கீழ்ப்பட்டவர். விளம்பரங்களில் அதிபர் பெயர் முதலில் வருவதற்குக் காரணம் இது.

2. முதல்வர். வகுப்பு, தேர்வு, ஆசிரியர், ஒழுங்கு. தன்னாட்சி வந்த பிறகு இந்த நாற்காலியின் கனம் கூடிவிட்டது. இலயோலா 1978-இல் தன்னாட்சி பெற்றது. பாடத்திட்டத்தையும் வினாத்தாளையும் கல்லூரியே தயாரிக்கும்போது, முன்பு பல்கலைக்கழகத்தின் மேல் போட்ட பழியெல்லாம் முதல்வர் மேசைக்கு வரும்.

3. செயலர். தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம் 1976-இல் வந்தது. அந்தச் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியும் நிர்வாக முகம் செயலர்தான். கல்லூரிக் கல்வி இணை இயக்குநர் அலுவலகத்தோடு கடிதப் போக்குவரத்து, நியமன ஆணை, நீதிமன்ற வழக்கு இவை அவர் கையெழுத்தில் நகரும்.

இவர்களைத் தவிர விடுதிக் காப்பாளர் உண்டு. பட்டியலில் கடைசியில் வருவார், மாணவர் நினைவில் முதலில் நிற்பார். இராமேஸ்வரத்தில் பிறந்து, இராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளியில் படித்து, 1950-இல் திருச்சி வளனாரில் சேர்ந்த அப்துல் கலாம் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தது ஆங்கிலம் கற்பித்த, விடுதிக் காப்பாளராகவும் இருந்த அருட்தந்தை சேக்குவராவை. இரவில் கையில் பைபிளோடு ஒவ்வொரு மாணவரையும் அறைக்கே வந்து பார்த்துவிட்டுப் போவாராம். ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கவனிப்பது என்று சபைக் கல்வியில் சொல்லப்படும் கொள்கை நடைமுறையில் இருக்கும் இடம் இந்த இரவு நடைதான். மூன்று ஆயிரம், ஐந்து ஆயிரம் மாணவர் என்று பெருத்துவிட்ட இன்றைய கல்லூரிகளில் அதை எப்படிச் செய்வது என்பதற்கு யாரிடமும் எளிய பதில் இல்லை.

ஒரு முழு வாழ்க்கை: ஜெரோம் டி சூசா

கொள்கையை ஒரு ஆளின் வாழ்க்கையில் வைத்துப் பார்த்தால் தெளிவாகும். அதற்கு அருட்தந்தை ஜெரோம் டி சூசாவைவிடப் பொருத்தமானவர் கிடைப்பது கடினம்.

1897-இல் மங்களூரில் பிறந்தவர். கொங்கணிக் கத்தோலிக்கக் குடும்பம். படிப்பு அவரைத் திருச்சி வளனார் கல்லூரிக்குக் கொண்டுவந்தது. ஆங்கில இலக்கியம் அவர் துறை. சபையில் சேர்ந்து, பெல்ஜியத்தில் இறையியல் முடித்துத் திரும்பினார். பிரெஞ்சும் கைவந்திருந்தது. 1930-களில் தான் படித்த திருச்சிக் கல்லூரிக்கே தலைமை ஏற்றார். பிரெஞ்சுக் குருக்கள் கட்டியெழுப்பிய நிறுவனங்களில் இந்தியர்கள் தலைமைக்கு வந்துகொண்டிருந்த காலம் அது.

1942-இல் சென்னை இலயோலாவின் முதல்வரானார். அந்த வருஷம் எப்படிப்பட்டது என்று நினைத்துப் பாருங்கள். ஏப்ரலில் ஜப்பான் குண்டு பயத்தில் சென்னை பாதி காலியானது. ஆகஸ்டில் ‘வெள்ளையனே வெளியேறு’. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். கல்லூரியோ தொடங்கிப் பதினேழே ஆண்டானது. 1950 வரை அவர் அந்தப் பொறுப்பில் இருந்தார்.

அவரை நாடறிந்தவராக்கியது கல்லூரிக்கு வெளியே நடந்த வேலை. சென்னை மாகாணத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். முதல்வர் பொறுப்பில் இருந்துகொண்டே டெல்லிக்குப் போய் வந்தார். சிறுபான்மையினருக்கு மத அடிப்படையில் சட்டமன்ற, நாடாளுமன்ற இடங்களை ஒதுக்கும் ஏற்பாட்டைக் கைவிடுவதா என்ற கேள்வி 1949 மே மாதம் அவைக்கு வந்தபோது, கைவிடலாம் என்று ஆதரித்துப் பேசினார். சிறுபான்மைச் சமூகத்துக் குரு ஒருவர் அப்படிப் பேசியதற்கு எடை இருந்தது. அரசியல் இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டு, மதச் சுதந்திரமும் கல்வி நிறுவன உரிமையும் அரசியல் சட்டத்தில் உறுதியாக இருந்தால் போதும் என்ற நிலைப்பாட்டைத்தான் அன்றைய கிறிஸ்தவத் தலைவர்கள் பலரும் எடுத்தார்கள். அது சரியான கணக்குதானா என்று இன்றும் கேட்கலாம். குறிப்பாக, மதம் மாறிய தலித்துகளுக்குப் பட்டியல் சாதி உரிமை கிடைக்காமல் போனதை வைத்துப் பார்த்தால், அந்த நம்பிக்கை எல்லோருக்கும் ஒரே பலனைத் தரவில்லை.

ஐக்கிய நாடுகள் பொதுச்சபைக்குச் சென்ற இந்தியக் குழுக்களிலும் சில முறை இடம்பெற்றார். இந்த அளவுக்குப் பெயர் எடுத்தவர் அடுத்து துணைவேந்தராகவோ ஆளுநராகவோ ஆவார் என்றுதான் எதிர்பார்ப்போம். சபையின் உலகத் தலைவர் ஜான்சென்ஸ் கொடுத்தது வேறு வேலை. இந்தியச் சமூகப் பிரச்சினைகளை ஆராயவும் ஆட்களைப் பயிற்றுவிக்கவும் ஒரு நிறுவனத்தைப் புதிதாகத் தொடங்கச் சொன்னார். 1951-இல் புனேயில் தொடங்கிப் பிறகு டெல்லிக்கு மாறிய இந்தியச் சமூக நிறுவனம் அதுதான். 1957-இல் ரோமுக்கு அழைப்பு. இந்திய, ஆசிய விவகாரங்களில் உலகத் தலைவருக்கு ஆலோசகராகப் பத்தாண்டுக்கு மேல் அங்கே. 1977-இல் காலமானார்.

இந்த வாழ்க்கையை நம் வழக்கப்படி பதவி ஏணியாக வரைந்து பாருங்கள், கோடு சரியாக வராது. பெரிய கல்லூரியின் முதல்வர், நாட்டின் சட்டத்தை எழுதிய அவையின் உறுப்பினர், அப்புறம் ஒன்றுமில்லாத இடத்தில் புதிதாக ஒரு நிறுவனம், அப்புறம் வெளிநாட்டில் ஓர் ஆலோசகர் மேசை. ஒவ்வொரு திருப்பமும் வந்தது ஒரு கடிதத்தால்.

சபை விரும்பும் ஒருவரை முதல்வராக்க எந்தச் சட்டம் இடம் தருகிறது?

அரசியல் சட்டத்தின் 30(1) பிரிவு: மதம் அல்லது மொழி அடிப்படையிலான சிறுபான்மையினர் தாங்கள் விரும்பும் கல்வி நிறுவனங்களை நிறுவவும் நிர்வகிக்கவும் உரிமை உடையவர்கள். ‘நிர்வகிக்க’ என்பதற்குள் என்னென்ன அடங்கும் என்பதை முடிவுசெய்த வழக்குகளில் இயேசு சபைக் கல்லூரிகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

1. ராஞ்சி தூய சவேரியார் கல்லூரியின் முதல்வர் அருட்தந்தை புரூஸ்ட் பீகார் அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கு. ஆசிரியர் நியமனத்தில் அரசு ஆணையத்தின் கட்டுப்பாட்டை அவர் எதிர்த்தார். ஒரு கல்லூரி கிறிஸ்தவ மதத்தையோ மொழியையோ காக்க மட்டும் நடந்தால்தான் 30-ஆம் பிரிவு என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. எல்லோருக்கும் பொதுக் கல்வி தரும் கல்லூரிக்கும் அந்த உரிமை உண்டு என்றது. நம் பிள்ளைகள் எல்லா மதத்தாரோடும் சேர்ந்து படிக்கும் கல்லூரி ‘சிறுபான்மைக் கல்லூரி’ என்று எப்படி அழைக்கப்படலாம் என்ற சந்தேகத்துக்குப் பதில் இங்கே இருக்கிறது.

2. அகமதாபாத் தூய சவேரியார் கல்லூரி வழக்கு, 1974. ஒன்பது நீதிபதிகள். கல்லூரி நிர்வாகக் குழுவில் பல்கலைக்கழகத்தின் ஆட்களைக் கட்டாயமாகச் சேர்க்கும் குஜராத் சட்டப் பிரிவு சிறுபான்மைக் கல்லூரிகளுக்குச் செல்லாது என்றது. தரத்தைக் காக்கும் விதிகளை அரசு போடலாம், நிர்வாகத்தையே பறிக்கும் விதிகளைப் போட முடியாது என்ற கோட்டை இந்தத் தீர்ப்பு அழுத்தமாக வரைந்தது.

3. மலங்கரா சிரியன் கத்தோலிக்கக் கல்லூரி வழக்கு, 2006. இது சபைக் கல்லூரி கிடையாது, ஆனால் கேள்வி நேரடியானது: அரசு உதவி பெற்றாலும் பணிமூப்பைப் பார்க்காமல் முதல்வரைத் தேர்ந்தெடுக்கலாமா? தேவையான கல்வித் தகுதி இருந்தால் தேர்ந்தெடுக்கலாம் என்றது நீதிமன்றம்.

ஆக, தகுதி அரசு சொல்வது, தேர்வு நிர்வாகத்துடையது. இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். இருபத்தைந்து ஆண்டு அதே கல்லூரியில் பாடம் நடத்தி, துறைத் தலைவராகி, துணை முதல்வரும் ஆன ஒரு பொதுநிலை ஆசிரியருக்கு, அதாவது குருவோ துறவியோ அல்லாதவருக்கு, அவர் கத்தோலிக்கராகவே இருந்தாலும், முதல்வர் அறை பெரும்பாலும் எட்டாது. அவரைவிட இளையவரான, அவரிடமே படித்திருக்கக்கூடிய சபைக் குரு அந்த அறைக்கு வருவார். சட்டம் அதை அனுமதிக்கிறது. ஆசிரியர் அறையில் தேநீர் குடிக்கும்போது வரும் முணுமுணுப்பைச் சட்டம் தீர்த்துவைக்காது. சபை தன் ஆட்கள் குறைந்துவருவதைத் தானே பேசும் காலத்தில், பொதுநிலையினருக்குத் தலைமையைத் திறந்துவிடுவது தவிர்க்க முடியாததாகும் என்றே நினைக்கிறேன்.

சம்பளமும் வரியும்

உதவிபெறும் பணியிடத்தில் இருக்கும் குருவுக்கு மற்ற ஆசிரியர்களைப் போலவே அரசு ஊதியம் அவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு வரும். அங்கிருந்து அது இல்லத்தின் பொதுக் கணக்குக்குப் போகும். செருப்பு வாங்கவும், ஊருக்குப் போகவும் அவர் பொருளாளரிடம் கேட்டு வாங்குவார். சுயநிதிப் பிரிவில் வேலை செய்பவருக்கு இந்த அரசு ஊதியம் கிடையாது.

இந்தப் பணத்துக்கு வரி உண்டா? மறைப்பணியாளர்கள் தங்கள் சபைக்கே ஒப்படைக்கும் கட்டணங்களுக்கு விலக்கு அளித்து 1944-லும் 1977-லும் வந்த வருமான வரித்துறைச் சுற்றறிக்கைகளைக் காட்டி, பல காலம் பிடித்தம் இல்லாமலே போனது. 2014-க்குப் பிறகு துறை பிடிக்கச் சொன்னது. வழக்கு வந்தது. வார்த்தைப்பாடு கொடுத்தவர் திருச்சபைச் சட்டப்படி சொத்து விஷயத்தில் இறந்தவருக்குச் சமம், ஆகவே ஊதியம் அவருடையது ஆகாது என்பது சபைகளின் வாதம். சென்னை உயர் நீதிமன்ற அமர்வு 2019-இல் அதை மறுத்தது. 2024 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் 93 மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. காரணம் எளிது: ஊதியம் வேலை செய்த தனிநபருக்கு வருகிறது. வந்த பிறகு அதை யாருக்குக் கொடுக்கிறார் என்பது வரிக்குச் சம்பந்தமில்லை.

இதனால் குருவின் சொந்த வாழ்க்கையில் பெரிய மாற்றம் கிடையாது, அவர் கைக்கு வருவது முன்பும் சொற்பம்தான். இழப்பு இல்லத்தின் பொதுக் கணக்குக்கு. ஏழை மாணவர் கட்டணம், விடுதிச் சலுகை போன்றவற்றுக்குப் பல இல்லங்கள் அந்தக் கணக்கிலிருந்துதான் எடுக்கின்றன என்பதால், அடி கடைசியில் எங்கே விழும் என்பதைக் கவனிக்க வேண்டும்.

எதற்கு யாரிடம் போவது?

1. சேர்க்கை, வருகைப் பதிவு, தேர்வு, கட்டணச் சலுகை: முதல்வர் அலுவலகம். பழைய முதல்வரைத் தேடிப் போவதில் பயனில்லை, அவருக்கு இப்போது அங்கே கையெழுத்து அதிகாரம் இல்லை.

2. பணி நியமனம், ஊழியர் பிரச்சினை, சட்ட அறிவிப்பு: செயலர்.

3. வளாக நிலம், கல்லூரி நிர்வாகத்தின் போக்கு பற்றிய முறையீடு: அதிபர். அவரைப் பற்றியே முறையீடு என்றால் மாநிலத் தலைவருக்கு எழுதலாம். மதுரை மாநிலத்தின் தலைமையகம் திண்டுக்கல்லில் இருக்கிறது.

4. கிறிஸ்தவ மாணவர் என்பதற்குச் சான்று: இதைக் கல்லூரியில் இருக்கும் சபைச் சாமி தர முடியாது. ஞானஸ்நானப் பதிவேடு இருக்கும் பங்கிலிருந்து, பங்குத்தந்தையின் கையெழுத்தும் பங்கு முத்திரையுமாக வாங்க வேண்டும். பிள்ளை பிறந்தது பாம்பனில், ஞானஸ்நானம் அம்மா ஊரான தொண்டியில் என்றால் போக வேண்டியது தொண்டிக்கு. பிளஸ் டூ முடிவு வரும்வரை காத்திருக்காமல் ஏப்ரலிலேயே வாங்கி வைத்துவிடுவது நல்லது.